செகண்டரி சிபிலிஸ் தோல் சார்ட்: ஏ51.39 போடுவதற்கு முன் என்னவெல்லாம் பார்க்க வேண்டும்

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்பு நிறத் தடிப்பு, ஆர்பிஆர் என்ற சிபிலிஸ் இரத்தப் பரிசோதனை 1:64, அதை உறுதி செய்யும் டிரெபோனீமல் டெஸ்ட் ரியாக்டிவ், பெனிசிலின் ஊசியும் போட்டாகிவிட்டது. இப்படி ஒரு அமெரிக்க டெர்மட்டாலஜி சார்ட் (தோல் மருத்துவரின் நோயாளிப் பதிவு) வந்தால், கொஞ்சம் அனுபவம் உள்ள கோடர் (டாக்டர் எழுதியதை நோய்க் கோடாக மாற்றுபவர்) எவருக்கும் கை தானாக ஏ51.39க்கு, அதாவது தோலில் வெளிப்பட்ட செகண்டரி (இரண்டாம் கட்ட) சிபிலிஸுக்கான கோடுக்குப் போகும், பெரும்பாலான சார்ட்டில் அதுதான் சரியான கோடாகவும் இருக்கும். ஆனால் ஆடிட்டர் வந்து கேட்கப்போவது "நோயாளிக்கு என்ன நோய்?" என்று அல்ல, "இதை டாக்டர் எந்த வரியில் எழுதியிருக்கிறார்?" என்றுதான். அந்த வரியைக் காட்ட முடியவில்லை என்றால் நீங்கள் போட்ட கோடு மருத்துவ ரீதியாகச் சரியாக இருந்தாலும் எரர்தான்.

சென்னை, கோவை, திருச்சி என்று அமெரிக்க சார்ட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதனால் கீழே வருவதெல்லாம் ஐசிடி-10-சிஎம், அதாவது ஐசிடி என்ற நோய்க் கோடு பட்டியலின் அமெரிக்கப் பதிப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10ல் தோல், சளிச்சவ்வு இரண்டுக்கும் சேர்த்து ஏ51.3 என்பதோடு கதை முடிந்துவிடும். அமெரிக்கப் பதிப்பில் அது இன்னொரு இலக்கம் உள்ளே போகிறது, அங்கேதான் தகராறு.

முதலில் நோயைக் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் ஸ்டேஜ் புரியாது. கிருமி நுழைந்த இடத்தில் வலியில்லாத ஒரு புண் வரும், ஷாங்கர் என்பார்கள், அது பிரைமரி. அது தானாக ஆறிவிடும். அதன் பிறகு சில வாரங்களிலோ சில மாதங்களிலோ கிருமி இரத்தத்தில் பரவி உடம்பெங்கும் தடிப்பு, வாயில் வெள்ளைத் திட்டு, பிறப்புறுப்பு அல்லது ஆசனவாய் ஓரத்தில் ஈரமான தட்டையான மேடுகள், பூச்சி அரித்தாற்போல் அங்கங்கே முடி கொட்டுவது, நெறி கட்டுவது என்று வந்தால் செகண்டரி. மருந்தே எடுக்காவிட்டாலும் இந்தத் தடிப்பு மறைந்துபோகும், நோய் மட்டும் உள்ளே இருக்கும், அது லேட்டண்ட். கோடருக்கு இந்தக் கடைசி விஷயம் முக்கியம். "இரண்டு மாதத்துக்கு முன் உடம்பெல்லாம் தடிப்பு இருந்தது, இப்போது இல்லை" என்று ஹிஸ்டரியில் இருக்கிறது, எக்ஸாமில் தோல் க்ளியர், டாக்டரும் எர்லி லேட்டண்ட் என்று எழுதியிருக்கிறார் என்றால் அது ஏ51.5. பழைய தடிப்பைப் பிடித்துக்கொண்டு ஏ51.39 போடக் கூடாது.

சரி, கோடுகளுக்கு வருவோம். ஏ51.3க்குக் கீழே மூன்றுதான் உண்டு. காண்டிலோமா லேட்டம் (மேலே சொன்ன ஈரமான தட்டையான மேடுகள்) என்று எழுதியிருந்தால் ஏ51.31. சிபிலிஸால் வந்த முடி உதிர்வு ஏ51.32. மற்ற எல்லாத் தோல், சளிச்சவ்வு வெளிப்பாடும் ஏ51.39: உள்ளங்கைத் தடிப்பு, உடல் முழுக்க வந்த பருக்கள், வாயில் மியூகஸ் பேட்ச், கழுத்தைச் சுற்றி நிறம் வெளுக்கும் லூகோடெர்மா எல்லாம் இதில் அடங்கும். லூகோடெர்மாவில் மட்டும் ஒரு எக்ஸ்க்லூட்ஸ்1 குறிப்பு (இரண்டு கோடையும் சேர்த்துப் போடாதே என்பது) இருக்கிறது, பிந்தைய கட்டத்தில் வந்தது என்றால் ஏ52.79க்குப் போக வேண்டும். ஒரே நோயாளிக்கு உள்ளங்கைத் தடிப்பும் காண்டிலோமா லேட்டமும் இரண்டுமே டாகுமெண்ட் ஆகியிருந்தால் இரண்டு கோடும் போடுங்கள், ஒன்றை ஒன்று விலக்கும் குறிப்பு எதுவும் அங்கே கிடையாது. ஆர்21 என்ற ராஷ் கோடைக் கூடவே சேர்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். தடிப்பு இந்த நோயின் பாகம், தனியாக ஒட்டினால் எண்ணிக்கைதான் கூடும்.

இப்போது நிறையப் பேர் தடுக்கி விழும் இடம். டாக்டர் அசெஸ்மெண்டில் (தன் முடிவை எழுதும் பகுதியில்) 'செகண்டரி சிபிலிஸ்' என்று இரண்டே சொல் எழுதிவிட்டுப் போய்விட்டார், தோல் என்ற பேச்சே அங்கே இல்லை. இண்டெக்ஸில் (ஐசிடியின் அகரவரிசைப் பட்டியலில்) சிபிலிஸ், அதற்குக் கீழே செகண்டரி என்று பாருங்கள், இடம் சொல்லாவிட்டால் நேராக ஏ51.49க்கு (செகண்டரி சிபிலிஸின் பிற வகைகள்) அனுப்பும். அதற்கும் கீழே தோல், வாய், தொண்டை, டான்சில், ஆசனவாய் என்று உள்வரிகள் இருக்கும், அவை ஏ51.39. அப்படியானால் எக்ஸாமில் இருக்கும் உள்ளங்கைத் தடிப்பை வைத்துக் கோடர் தானாகத் தோலுக்குப் போகலாமா? எச்பிஐயிலோ (இப்போதைய நோயின் விவரம்) ப்ளானிலோ (சிகிச்சைத் திட்டம்) எங்கேயாவது "தடிப்பு சிபிலிஸால் வந்தது" என்ற இணைப்பு இருந்தால் தாராளமாகப் போகலாம். அசெஸ்மெண்டில் அது இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, அந்த விசிட்டின் நோட்டில் டாக்டர் கையால் எங்கு எழுதியிருந்தாலும் போதும். இணைப்பு எங்குமே இல்லையென்றால் என் கணிப்பில் குவெரிதான், அதாவது டாக்டரிடமே எழுதிக் கேட்பதுதான் சரியான வழி. தோல் டாக்டரின் நோட், வந்த காரணமே தடிப்பு, வேறு டயக்னாசிஸும் இல்லை, இதற்கும் குவெரியா என்று சிலர் வாதாடுவார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உங்கள் க்ளையண்டின் எழுத்துப்பூர்வ விதியில் இதற்கு ஒரு வழி சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள், சொல்லாவிட்டால் கேளுங்கள்.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 'ராஷ் செகண்டரி டு சிபிலிஸ்' என்று எழுதியிருந்தால் அங்கே செகண்டரி என்பது காரணத்தைச் சொல்கிறது, ஸ்டேஜைச் சொல்லவில்லை. புதிதாக வருபவர்கள் இதை ஸ்டேஜ் என்றே படித்துவிடுகிறார்கள். இதில் ஒரு நல்ல காலம், இண்டெக்ஸில் சிபிலிஸ், ஸ்கின் என்று போனால் எர்லி, செகண்டரி இரண்டும் அடைப்புக்குறிக்குள் இருக்கும், அதாவது அந்தச் சொல் நோட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏ51.39தான் வரும். ஆகக் கடைசியில் கோடு ஒன்றேதான். ஆனால் காரணத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு வந்து சேர்ந்தால் அடுத்த சார்ட்டில், 'மெனிஞ்சைட்டிஸ் செகண்டரி டு சிபிலிஸ்' என்று இருக்கும்போது, யோசிக்காமல் செகண்டரி ஸ்டேஜ் மெனிஞ்சைட்டிஸுக்கான ஏ51.41 போட்டுவிடுவீர்கள். அங்கே ஸ்டேஜ் தெரியாமல் கை வைக்கக் கூடாது.

இன்னொரு கண்ணி காண்டிலோமா. வெறும் காண்டிலோமா என்று எழுதியிருந்தால் இண்டெக்ஸ் ஏ63.0க்குக் கொண்டுபோகும், அது எச்பிவி வைரஸால் வரும் மரு. லேட்டம் அல்லது சிபிலிட்டிக் என்ற சொல் இருந்தால் மட்டுமே ஏ51.31. இரண்டும் ஒரே இடத்தில் வரும், பார்வைக்கு ஓரளவு ஒன்றுபோல் இருக்கும், வைத்தியம் மட்டும் முற்றிலும் வேறு. ஒன்றுக்கு உறையவைப்பது, சுடுவது, பூசுவது, மற்றதற்கு ஊசி. நோட்டில் காண்டிலோமா என்று மட்டும் இருந்து, ஆர்பிஆர் ரியாக்டிவ், பென்சதின் பெனிசிலின் போட்டிருக்கிறார்கள் என்றால் டாக்டர் மனதில் எது இருந்தது என்று நமக்குத் தெரியும், ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சந்தேகச் சொற்கள் பற்றி. அவுட்பேஷண்டில் ப்ராபபிள், சஸ்பெக்டட், ரூல் அவுட், கம்பேட்டிபிள் வித், கன்சிஸ்டெண்ட் வித் என்று எதைச் சேர்த்து எழுதினாலும் அந்த நோயைக் கோடு செய்யக் கூடாது, அறிகுறியைத்தான் செய்ய வேண்டும், அதாவது ஆர்21. தோல் டாக்டர்கள் முதல் விசிட்டில் 'பிட்ரியாசிஸ் ரோசியா வெர்சஸ் செகண்டரி சிபிலிஸ், ஆர்பிஆர் அனுப்பப்பட்டது' என்று எழுதுவது வழக்கம், ஏனென்றால் பிட்ரியாசிஸ் ரோசியா என்ற வேறொரு தோல் நோயின் தடிப்பும் இதுவும் ஒன்றை ஒன்று அச்சாக ஒத்திருக்கும். அந்த விசிட்டுக்கு ஆர்21 மட்டுமே. எல்42உம் கிடையாது, ஏ51.39உம் கிடையாது. நான்கு நாள் கழித்து ரிசல்ட் வந்து நோயாளி ஊசிக்கு வரும் விசிட்டில் டாக்டர் டயக்னாசிஸை உறுதி செய்து எழுதினால் அங்கே ஏ51.39. இன்பேஷண்டில் விதி நேர் எதிர்: டிஸ்சார்ஜ் சமயத்தில் ப்ராபபிள் என்று நின்றிருந்தால் இருப்பதாகவே எடுத்துக் கோடு செய்யலாம். ஒரே ஆள் காலையில் அவுட்பேஷண்ட் சார்ட், மதியம் இன்பேஷண்ட் சார்ட் என்று மாறி மாறிப் பார்க்கும் டீம்களில் இந்த இரண்டும் குழம்பிப்போவது சர்வசாதாரணம்.

பயாப்சி ரிப்போர்ட்டுக்கும் இதே கதைதான். அவுட்பேஷண்டில் பேத்தாலஜிஸ்ட் ஒரு டாக்டர், அவருடைய இறுதி ரிப்போர்ட் கோடு போடும் நேரத்தில் கையில் இருந்து அதில் உறுதியான டயக்னாசிஸ் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ரிப்போர்ட்டே 'கன்சிஸ்டெண்ட் வித் சிபிலிஸ்' என்றால் மேலே சொன்ன சந்தேகச் சொல் விதி அதற்கும் பொருந்தும். ஸ்பைரோகீட் (சிபிலிஸ் கிருமியின் வகை) இம்யூனோ ஸ்டெயின் பாசிட்டிவ் என்பதைப் பார்த்துவிட்டு மீதியை நீங்களே முடிவு செய்ய வேண்டாம். இன்பேஷண்டில் பேத்தாலஜி ரிப்போர்ட்டை மட்டும் வைத்து எதையும் கோடு செய்ய முடியாது, சிகிச்சை தரும் டாக்டர் அதை ஏற்று எழுத வேண்டும்.

லேப். ஆர்பிஆர், விடிஆர்எல் இரண்டும் கிருமியை நேரடியாகக் காட்டும் டெஸ்ட் அல்ல, கர்ப்பம், லூப்பஸ் போன்றவற்றிலும் பொய்யாக ரியாக்டிவ் ஆகலாம், அதனால்தான் டிரெபோனீமல் டெஸ்ட்டும் சேர்ந்து வேண்டும். டாக்டர் 'பாசிட்டிவ் சிபிலிஸ் சீராலஜி' என்று மட்டும் எழுதியிருந்தால் இண்டெக்ஸ் ஏ53.0க்கு (எர்லியா லேட்டா என்று சொல்லாத லேட்டண்ட்) அனுப்பும். பொய்யான பாசிட்டிவ் என்று அவரே சொல்லியிருந்தால் ஆர்76.8. அறிகுறிகளோடு இருந்தால் இடத்தையும் ஸ்டேஜையும் பார்த்துக் கோடு செய் என்று அதே இண்டெக்ஸில் ஒரு வரி இருக்கிறது, அதை "நாமே ஸ்டேஜ் சொல்லலாம்" என்று படிக்காதீர்கள். ஸ்டேஜ் டாக்டருடையது. ஏ53.9 என்ற பொதுக் கோடு கடைசிப் புகலிடம், தோல் தடிப்போடு வந்த நோயாளியின் சார்ட்டில் அது நின்றால் யாரோ குவெரி அனுப்ப சோம்பல்பட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஸ்டேஜ் பற்றிப் பேசும்போது ஒரு முரணைச் சொல்லியே ஆக வேண்டும். ஐசிடியில் எர்லி லேட்டண்ட் என்றால் தொற்றி இரண்டு வருடத்துக்குள். அமெரிக்க சிடிசி (அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம்) கணக்கில் ஒரு வருடத்துக்குள். டாக்டர்கள் சிடிசியைப் பார்த்து வைத்தியம் செய்பவர்கள், அதனால் பதினெட்டு மாதமான தொற்றை லேட் லேட்டண்ட் என்று எழுதுவார்கள். நீங்கள் டேபுலரை (ஐசிடியின் எண்வரிசைப் பட்டியலை) திறந்து "இரண்டு வருடம் ஆகவில்லையே" என்று எர்லிக்கு மாற்றக் கூடாது. அவர் எழுதிய டயக்னாசிஸ்தான் செல்லும். 2018க்குப் பிறகு சில நோட்களில் 'எர்லி நான்-பிரைமரி நான்-செகண்டரி' என்ற நீண்ட பெயரைப் பார்ப்பீர்கள், அது பொது சுகாதார ரிப்போர்ட்டிங்கில் எர்லி லேட்டண்டுக்கு வைத்த பெயர். நான்-செகண்டரி என்பதில் செகண்டரியை மட்டும் கண்ணில் பிடித்து ஏ51.39 போட்ட சார்ட்டும் உலகத்தில் உண்டு.

டாக்டர் பக்கம் இருப்பவர்களுக்கும், ஸ்க்ரைப் (டாக்டருக்காக நோட் எழுதும்) வேலை பார்ப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், ஒரு நல்ல நோட் எப்படி இருக்கும் என்று. "ஆறு வாரமாக அரிப்பில்லாத செம்பு நிறப் பருக்கள், மார்பு, முதுகு, இரு உள்ளங்கை, இரு உள்ளங்கால், ஓரத்தில் மெல்லிய செதில், வாயிலும் பிறப்புறுப்பிலும் புண் இல்லை, தலையில் முடி உதிர்வு இல்லை, மூன்று மாதம் முன் ஆண்குறியில் வலியில்லாத புண் வந்து ஆறியது, தலைவலி, பார்வை மங்கல், காது கேளாமை இல்லை, ஆர்பிஆர் 1:64, டிரெபோனீமல் ரியாக்டிவ், போன வருட ஆர்பிஆர் நான்-ரியாக்டிவ். அசெஸ்மெண்ட்: தோலில் வெளிப்பட்ட செகண்டரி சிபிலிஸ். பென்சதின் பெனிசிலின் ஜி 24 லட்சம் யூனிட் தசையில் இன்று ஒரே டோஸ்." இவ்வளவுதான். இதில் ஒவ்வொரு துண்டுக்கும் வேலை இருக்கிறது. இடம் ஐந்தாவது இலக்கத்தைத் தீர்மானிக்கிறது, பழைய ஆர்பிஆர் இது புதிய தொற்று என்று காட்டுகிறது, கண், காது, தலைவலி இல்லை என்ற வரி கண்ணுக்கான ஏ51.43, மெனிஞ்சைட்டிஸுக்கான ஏ51.41 போன்றவை ஏன் இல்லை என்ற கேள்விக்கே இடம் வைக்காமல் செய்கிறது. பார்வை மங்கல் இருக்கிறது என்று எழுதி அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் விட்ட நோட்தான் எல்லாவற்றிலும் மோசம், கோடுக்காக மட்டும் அல்ல, நோயாளிக்காகவும்.

குவெரி எழுதும்போது டாக்டர் வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள். "இது செகண்டரி சிபிலிஸ்தானே, தயவுசெய்து சேர்க்கவும்" என்பது லீடிங் குவெரி, கம்ப்ளையன்ஸ் டீம் கண்ணில் பட்டால் உங்களுக்குத்தான் பாடம். நோட்டில் இருப்பதை அப்படியே எடுத்து வையுங்கள்: எக்ஸாமில் உள்ளங்கைத் தடிப்பு, லேபில் ஆர்பிஆர் 1:64, ப்ளானில் பெனிசிலின், அசெஸ்மெண்டில் சிபிலிஸ் என்று மட்டும். பிறகு, தடிப்பின் காரணத்தையும் சிபிலிஸின் ஸ்டேஜையும் உங்கள் மருத்துவக் கணிப்பின்படி தெளிவுபடுத்த முடியுமா என்று கேட்டு, சார்ட்டில் ஆதாரம் உள்ள தேர்வுகளைக் கொடுத்து, வேறு ஏதாவது, தீர்மானிக்க முடியவில்லை என்ற இரண்டையும் கட்டாயம் சேருங்கள். இந்தக் கோட்டுக்கு இவ்வளவு பணம் வரும் என்ற பேச்சு குவெரியில் வரவே கூடாது.

கர்ப்பிணி என்றால் வரிசை தலைகீழாகும். முதலில் ஓ98.11 குடும்பம் (கர்ப்பகால சிபிலிஸ்), கடைசி இலக்கம் எந்த ட்ரைமெஸ்டர் என்பதற்கு, அதன் பின் ஏ51.39, அப்புறம் எத்தனை வாரம் என்பதற்கு இசட்3ஏ. முன்னால் இருப்பது ஓ என்ற எழுத்து, பூஜ்யம் அல்ல, டைப் செய்யும்போது கவனம். எச்ஐவி சேர்ந்திருந்தால் பி20யா (எச்ஐவி நோய்) இசட்21ஆ (அறிகுறியில்லாத எச்ஐவி தொற்று) என்று டாக்டரின் வார்த்தையைப் பார்த்து முடிவு செய்யுங்கள், சிபிலிஸ் இருக்கிறது என்பதாலேயே பி20 ஆகிவிடாது. ப்ரெப் (எச்ஐவி தொற்றாமல் தடுக்கும்) மாத்திரைக்காக வந்த விசிட்டில் தடிப்பைக் கண்டுபிடித்தார்கள் என்றால் 2023 அக்டோபரில் வந்த இசட்29.81ஐயும் மறக்க வேண்டாம். இசட்72.5 வரிசையில் பாலியல் நடத்தைக்கான கோடுகள் இருக்கின்றன. டாக்டர் அதை ஒரு பிரச்சினையாக எழுதி ஆலோசனை சொன்னால் மட்டும் போடுங்கள். சோஷியல் ஹிஸ்டரியில் ஒரு வரி பார்த்தவுடன் ஒட்டிவிடுவது அநாவசியம், அது அந்த மனிதரின் ரெக்கார்டில் கடைசிவரை இருக்கும்.

பில்லிங் பக்கம் சுருக்கமாக; இனி வரும் எண்கள் பெரும்பாலும் நோய்க்கு அல்ல, சேவைக்கும் மருந்துக்கும் உரியவை. ஆர்பிஆர் அல்லது விடிஆர்எல், ரியாக்டிவா இல்லையா என்று மட்டும் என்றால் 86592, டைட்டர், அதாவது 1:64 போன்ற அளவோடு என்றால் 86593, டிரெபோனீமல் ஆன்டிபாடி 86780. ஊசி போட்டதற்கு 96372, அதே நாளில் தனியான ஈஎம் (டாக்டர் பார்த்து மதிப்பிட்ட விசிட்) இருந்தால் அதற்கு 25 மாடிஃபையர் (கோடுடன் சேர்க்கும் துணை எண்). பஞ்ச் பயாப்சி 11104. மருந்துக்கு ஜே0561, இதன் ஒரு யூனிட் ஒரு லட்சம் யூனிட் மருந்து, ஆக 24 லட்சத்துக்கு 24 என்று போட வேண்டும். இங்கே 1 என்று போட்டு க்ளினிக் நஷ்டப்படுவதும் 2.4 என்று போட்டு க்ளெய்ம் திரும்பி வருவதும் நடக்கிற விஷயம். பெயரையும் இரண்டு முறை படியுங்கள்: பைசிலின் எல்-ஏ தான் ஜே0561, பைசிலின் சி-ஆர் என்பது ப்ரோகெய்ன் கலந்த வேறு மருந்து, அதற்கு ஜே0558, சிபிலிஸுக்கு அதைக் கொடுக்கவும் கூடாது. சார்ட்டில் சி-ஆர் என்று இருந்தால் அது கோடிங் பிரச்சினை அல்ல, உடனே மேலே சொல்ல வேண்டிய விஷயம். பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவர் என்றால் இசட்88.0 சேர்த்துவிடுங்கள், டாக்சிசைக்ளின் ஏன் கொடுத்தார்கள் என்பதற்கு அது விளக்கம்.

ஃபாலோ-அப் விசிட்தான் மிச்சம். சிகிச்சைக்குப் பிறகு ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் ஆர்பிஆர் பார்ப்பார்கள், டைட்டர் நான்கு மடங்கு இறங்க வேண்டும், அதாவது 1:64 என்பது 1:16க்காவது வர வேண்டும். தடிப்பு போய்விட்டது, சிகிச்சை முடிந்தது, நோய் தீர்ந்தது என்று டாக்டர் எழுதியிருந்தால் இசட்09 (சிகிச்சை முடிந்தபின் வரும் ஃபாலோ-அப்), கூட இசட்86.19 (முன்பு இருந்த தொற்று நோய்). இன்னும் கண்காணிப்பில் இருக்கும் நோய் என்று அவர் எழுதினால் ஏ51.39 தொடரும். டிரெபோனீமல் டெஸ்ட் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுக்க ரியாக்டிவாகவே இருக்கும், ஆகவே பத்து வருடம் முன்பு சரியாகிப்போன ஒருவர் முழங்கால் வலிக்கு வரும்போது லேப் லிஸ்ட்டில் அதைப் பார்த்துவிட்டு ஏ53.9 போடக் கூடாது, அதற்கும் இசட்86.19 போதும். ஆனால் அதே ஆள் 1:4ல் இருந்து 1:64க்கு ஏறி, புதிதாக உள்ளங்கையில் தடிப்போடு வந்து, டாக்டரும் மறுதொற்று, செகண்டரி, தோல் என்று எழுதினால் ஹிஸ்டரியை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி ஏ51.39.